சிறுநீரகக் குழாய் ஒடுங்கினால் எல்லோருக்கும் பலூன் வேண்டுமா?

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் வேளையில், யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி என்னருகே வந்து ஒரு ஸ்கான் அறிக்கையை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இந்த உரிமை. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்.

"மிஸி, கிட்னிக்குப் போற குழாய் ஒடுங்கிப் போச்சாம். பலூன் அடிச்சுக் கம்பி வைச்சா பிரஷர் நிக்குமாம். மகளின்ர சங்கிலிய ஈடு வைக்கிறதோ, இல்லாட்டி இருக்கிற காணியக் குடுக்கிறதோ எண்டு தெரியேல்ல."

இப்படிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் அறுபது வயது தாண்டியிருக்கும். 2006 இல் சம்பூரிலிருந்து ஓடி, கிளிவெட்டி முகாமிலும் உறவினர் வீடுகளிலுமாகக் காலம் கழித்து, 2015 க்குப் பிறகு திரும்பக் கிடைத்த காணியாக அது இருக்கும். அதை விற்றுக் கொழும்பிலே ஒரு கம்பி வைப்பதா என்பது சின்னக் கேள்வி அல்ல. ஆனால் அந்தக் கம்பியால் அவருக்கு நன்மை கிடைக்குமா என்ற கேள்வியை அவரும் கேட்பதில்லை, அவரை அனுப்பி வைத்தவர்களும் பல வேளை விளக்கமாகச் சொல்வதில்லை.

அதே கூட்டத்தில் பின்வரிசையில் 22, 23 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களிடம் ஸ்கான் அறிக்கை இருக்காது. "பிரஷர் கூடவாம். கன யோசனையாலையாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், முதலில் தேடிப் பார்க்க வேண்டியது அவர்களைத்தான். சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் ஒடுங்கும் நோயில், பலூன் சிகிச்சையைத் தேடி அலைபவர் பெரும்பாலும் அதனால் பயன் பெறாதவர். பயன் பெறக்கூடியவரோ தனக்கு அப்படியொரு நோய் இருக்கலாம் என்றே அறியாதவர். இதைத்தான் இந்த முறை எழுத நினைத்தேன்.

கடைவாய்க்கால் வயல்காரர்

தம்பலகாமத்துப் பெண்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. கந்தளாய்க் குளத்தின் மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குத் தண்ணீர் வருகிறது. ஒரு வயலுக்குப் பிரிகின்ற சிறு வாய்க்கால் மட்டும் மண் விழுந்து தூர்ந்து போனால் அந்த வயலுக்குத் தண்ணீர் காணாது. வயல்காரர் தன் வாய்க்காலில் பிழை என்று அறியாமல், குளத்திலிருந்து வருவதே குறைவு என்று எண்ணி, மதகை இன்னும் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். மதகைத் திறக்கத் திறக்க மற்ற வயல்களெல்லாம் வெள்ளக்காடாகும். வாய்க்காலின் கரைகள் அரிக்கும்.

சிறுநீரகமும் அப்படித்தான். அதற்குப் போகும் குருதிக்குழாய் ஒடுங்கி, வரும் இரத்தம் குறைந்தால், உடம்பு முழுவதிலும் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. உடனே ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உடம்பிலுள்ள குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஹரி கோல்ட்பிளாட் என்ற வைத்தியர் 1934 இல் இதை நிரூபித்துக் காட்டினார். நாய்களின் சிறுநீரகக் குழாயை ஒரு சிறிய வெள்ளிப் பிடியினால் இறுக்கினார். அவற்றின் பிரஷர் ஏறியது. அதுவரை பிரஷரினால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, சிறுநீரகத்தாலும் பிரஷர் வரும் என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

அப்படியானால் வாய்க்காலைத் துப்புரவாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இருதயக் குழாய்க்கு முதன்முதலில் பலூன் வைத்த அந்திரேயாஸ் குரூன்ட்சிக் என்பவரே 1978 இல் சூரிச் நகரில் சிறுநீரகக் குழாயையும் பலூனால் விரித்தார். தொடையில் சிறு துவாரமிட்டு மெல்லிய குழாயொன்றை உள்ளே செலுத்தி, ஒடுங்கிய இடத்தில் பலூனை ஊதுவது அந்த முறை. பின்னர், விரிந்த குழாய் மீண்டும் சுருங்காமலிருக்க வலை போன்ற கம்பியும் வந்தது. அதைத்தான் ஸ்டென்ட் என்கிறோம். பார்ப்பதற்கு மிக நியாயமான வைத்தியம். படம் எடுத்தால் முன்பு ஒடுங்கியிருந்த குழாய் விரிந்து அழகாகத் தெரியும். முப்பது வருடமாக உலகெங்கும் செய்தார்கள்.

கணக்குப் பார்த்தபோது

படம் அழகாக இருப்பது வேறு, ஆள் நன்றாக இருப்பது வேறு. இதைப் பார்க்க ஒரே வழி, ஒரே மாதிரி நோயாளர்களை எடுத்து, சீட்டுப் போடுவது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கம்பியும் குளிசையும், மறு பகுதியினருக்குக் குளிசை மட்டும் கொடுத்துப் பல வருடம் கவனிப்பது.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் 806 பேரை வைத்து இப்படிச் செய்த ஆய்வு அஸ்ட்ரல் என்பது. முடிவு 2009 இல் வெளிவந்தது. கம்பி வைத்தவர்களுக்குச் சிறுநீரகமும் கூடுதலாகப் பிழைக்கவில்லை, ஆயுளும் கூடவில்லை. மாறாக, அந்தச் சிகிச்சையால் 23 பேருக்குப் பாரதூரமான சிக்கல்கள் வந்தன. இருவர் இறந்தனர். மூவருக்குக் கால்விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்தது. குழாயில் படிந்த கொழுப்புக் கட்டி உடைந்து, இரத்தத்தோடு போய்க் காலை அடைத்தால் அப்படி நடக்கும்.

அடுத்தது அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கோரல் ஆய்வு. 947 பேர், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். 2014 இல் அச்சில் வந்தது. இருதய நோய், பாரிசவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் போன்றவற்றுள் ஏதாவது ஒன்று, கம்பி வைத்த பகுதியில் 100 க்கு 35 பேருக்கு வந்தது. குளிசை மட்டும் எடுத்த பகுதியில் 100 க்கு 36 பேருக்கு வந்தது. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. பிரஷரின் மேல் எண் இரு பகுதியிலும் 15, 16 அளவு குறைந்தது. அதாவது அந்தக் குறைவில் பெரும்பங்கு குளிசையின் வேலை.

இந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்களின் சராசரி வயது எழுபதை ஒட்டியது. சலரோகம், கொலஸ்ட்ரோல், புகையிலைப் பழக்கம், வயது ஆகியவற்றால் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியவர்கள். என்னிடம் ஸ்கான் அறிக்கையோடு வரும் அம்மாக்களில் பெரும்பாலானோர் இந்த வகையினரே. இவர்களுக்கு ஏன் பலூன் உதவவில்லை என்பதற்கும் வயலே விடை சொல்கிறது. பல வருடம் தண்ணீரின்றி உவர் ஏறிக் காய்ந்த நிலத்துக்கு இன்று வாய்க்காலை வெட்டிவிட்டால் நாளைக்கே நெல் விளையாது. சிறுநீரகத்தின் உள்ளேயுள்ள நுண்ணிய குழாய்களும் அதற்குள் கெட்டுப் போயிருக்கும். மற்றது, இவர்களுள் பலருக்குப் பிரஷர் முதலிலேயே இருந்தது. குழாய் பிறகுதான் ஒடுங்கியது. வயது போனவர்களைத் தேடித் தேடி ஸ்கான் பண்ணினால் இப்படி ஒடுக்கம் பலருக்குத் தெரியும். ஒடுக்கம் இருப்பது ஒன்று, அந்த ஒடுக்கம்தான் பிரஷரைக் கூட்டுகிறது என்பது இன்னொன்று.

ஆகவே பிரஷர் குளிசைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு வருடக்கணக்காக அப்படியே நிற்கிறது என்றால், 60, 65 வயதுப் பெண் ஒருவர் கம்பி வைப்பதற்காகக் காணியை விற்க வேண்டிய தேவை இல்லை. நான் அவர்களிடம் இதைச் சொல்லும்போது சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் கோபம். "காசில்லாதபடியால்தான் மிஸி இப்பிடிச் சொல்லுறா" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். காசுள்ளவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இங்கே ஒரு சிறு விலகல். "கிட்னி வருத்தம்" என்றதும் எங்கள் மாவட்டத்தில் பலர் நினைப்பது, பதவி ஸ்ரீபுர பக்கத்திலும் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் விவசாயிகளைப் பிடித்த அந்தக் காரணம் தெரியாத நோயைத்தான். அது வேறு. அதில் ஆரம்பத்தில் பிரஷர் பெரும்பாலும் கூடுவதில்லை. கெடுவது சிறுநீரகத்தின் உட்பகுதி, பெரிய குழாய் அல்ல. அதற்குப் பலூனால் ஒரு பயனும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் சிலருக்கு அவசியம்

மேலே சொன்ன ஆய்வுகளை வைத்துக்கொண்டு "பலூன் ஒருவருக்கும் தேவையில்லை" என்று முடிவுகட்டினால் அதுவும் பிழை. பலூன் கட்டாயம் தேவை என்று வைத்தியர் உறுதியாக நினைத்த நோயாளர்களை அஸ்ட்ரல் ஆய்வில் சேர்க்கவில்லை. ஐயமுள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். ஆகவே மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்களைப் பற்றி அது அதிகம் சொல்லாது.

அந்தக் கடுமையான நிலைகளில் முதலாவது, இரவில் திடீரென்று நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டுவது. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, நுரை நுரையாகச் சளி தள்ளி, வியர்த்துக் கொட்டும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் சில மணித்தியாலத்தில் தெளியும். சில வாரத்தில் மறுபடியும் வரும். இருதயத்தைப் பரிசோதித்தால் அது இரத்தத்தை நன்றாகவே தள்ளிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர்களில் இதை முட்டு வருத்தம் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு சிறுநீரகக் குழாயும் ஒடுங்கியவர்களுக்கு இது வரக்கூடும். இங்கிலாந்தின் சல்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் பல வருடமாகக் கவனித்த நோயாளர்களைப் பற்றி 2014 இல் வந்த கட்டுரையில், இப்படி நீர் கட்டியவர்களுள் குழாயை விரித்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள் என்று காட்டியிருந்தார்கள்.

இரண்டாவது, சில மாதத்துக்குள் கிரியேட்டினின் மளமளவென்று ஏறுவது, அதோடு இரண்டு பக்கமும் ஒடுங்கியிருப்பது. அல்லது ஒரேயொரு சிறுநீரகம் மட்டும் வேலை செய்கின்றவருக்கு அந்த ஒன்றின் குழாய் ஒடுங்குவது. மூன்றாவது, நீர் போகிற குளிசை உட்பட மூன்று நான்கு வகைக் குளிசை முழு அளவில் ஒழுங்காக எடுத்தும் பிரஷர் இறங்காதது. அமெரிக்க இருதயச் சங்கம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இவர்களையே சுட்டுகிறது.

இவர்களுக்கும் சிறுநீரகத்தின் அளவைப் பார்க்க வேண்டும். வளர்ந்தவரின் சிறுநீரகம் ஏறக்குறைய 9 முதல் 12 சென்றிமீற்றர் நீளம். அது 7, 8 ஆகச் சுருங்கிவிட்டால் குழாயை விரித்தும் பெரிய பலன் இராது. ஸ்கான் அறிக்கையில் இந்த அளவு எழுதியிருக்கும். ஒடுக்கம் நூற்றுக்கு எத்தனை என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறோம். அதற்குப் பக்கத்திலுள்ள இந்த எண்ணையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

"யோசனைப் பிரஷர்"

இனி அந்தப் பின்வரிசைப் பிள்ளைகள்.

தகப்பன் காணாமற் போனார், தமையன் திரும்பி வரவில்லை, கடன் தலைக்கு மேல். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பிரஷர் என்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது போலத் தோன்றும். யோசனை. நித்திரை இல்லை. அழுகை. வைத்தியரும் அதையே எழுதுவார், தாயும் அதையே நம்புவார், பிள்ளையும் அதற்குத் தானே பொறுப்பு என்று தலை குனிவாள். கவலையால் பிரஷர் ஏறாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏறும், இறங்கும். ஆனால் 30 வயதுக்குக் குறைந்த ஒரு பெண்ணுக்கு எந்த நாள் அளந்தாலும் 170, 180 என்று நின்றால், அதை யோசனையின் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. வேறு காரணம் தேடியே ஆக வேண்டும். சிறுநீரகக் குழாய் ஒடுங்குவது அப்படித் தேட வேண்டிய முக்கிய காரணங்களில் ஒன்று.

இளம் பெண்களில் இது கொழுப்பினால் வருவதல்ல. இரண்டு வேறு நோய்கள் உள்ளன. ஒன்றில் குழாயின் சுவர் இடைக்கிடை தடித்து, படத்தில் மணி கோத்த மாலை போலத் தெரியும். பெரும்பாலும் பெண்களையே பிடிக்கும். இதற்குக் கம்பிகூட வேண்டாம், பலூன் மட்டுமே போதும். செய்தபின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குளிசையே தேவைப்படாமல் போகிறது. பலருக்குக் குளிசை குறைகிறது. வயது குறைய, பிரஷர் வந்த காலம் குறைய, பலன் கூடும். எழுபது வயதினரின் கணக்குக்கு நேர் எதிரான கணக்கு இது.

மற்றையது தக்கயாசு நோய். ஓர் இளம் பெண்ணின் கண்ணில் கண்ட வித்தியாசமான குருதிக்குழாய்களைப் பற்றி மிக்கித்தோ தக்கயாசு என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் 1908 இல் எழுதியதால் அந்தப் பெயர். இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து ஒடுங்குகின்றன. மேற்கு நாடுகளைவிட ஆசிய நாடுகளில் அதிகம் காணப்படுவது. எங்கள் பக்கத்து அகதிகளுக்கு நன்கு தெரிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் டில்லி ஆஸ்பத்திரிகளிலும் இந்த நோயாளர்களைப் பெருந்தொகையாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் 40 வயதுக்கு உட்பட்டவர்கள்.

இந்த நோயில் ஒரு பொல்லாத சூழ்ச்சி உண்டு. கைக்குப் போகும் குழாயும் ஒடுங்கியிருந்தால் அந்தக் கையில் பிரஷர் குறைவாகக் காட்டும். உள்ளே பிரஷர் 200 இருக்கும், இடது கையில் 110 காட்டும். "நல்லாயிருக்கு, போங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் நடந்தது. தலையிடி, கண் மங்கல் என்று ஒரு வருடமாக ஒரு கிளினிக்கில் நித்திரைக் குளிசைதான் கொடுத்தார்கள். பிறகு வேறிடத்தில் ஓர் இளம் டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். இடது மணிக்கட்டில் நாடித்துடிப்பே இல்லை. வலது கையில் அளந்தபோது 190. வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டபோது 'உஸ்' என்ற சத்தம். கொழும்புக்கு அனுப்பினார்கள். முதலில் பல மாதம் அழற்சியை அடக்கும் மருந்து, அதன் பின்னரே பலூன். நான்கு குளிசை எடுத்தவள் இப்போது ஒன்று எடுக்கிறாள்.

அந்த ஒழுங்கு முக்கியமானது. அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது பலூன் அடித்தால் குழாய் மீண்டும் ஒடுங்கிவிடும் வாய்ப்பு அதிகம். இரத்தப் பரிசோதனையில் அழற்சி தணிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். செய்த பிறகும் மறுபடி ஒடுங்கலாம் என்பதால் கிளினிக்கை விடக் கூடாது. "உடனே செய்யேல்ல, தள்ளிப் போடுறாங்கள்" என்று தாய்மார் கோபப்படுவதைக் கண்டிருக்கிறேன். அது தள்ளிப் போடுவதல்ல.

சரி, பிள்ளைகளே, உங்களில் யார் தேடிப் பார்க்க வேண்டும்? 30 வயதுக்கு முன்பே பிரஷர் வந்தவர்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதோ உடுப்புக் காயப்போடும்போதோ ஒரு கை மட்டும் சீக்கிரம் சோர்ந்து போகிறவர்கள். காரணமில்லாத காய்ச்சல், மெலிவு, தலைச்சுற்று, கண் மங்கல் உள்ளவர்கள். கர்ப்பிணிகளில், ஐந்து மாதத்துக்கு முன்பே பிரஷர் கூடியதாக மருத்துவமாது கொப்பியில் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் கர்ப்பத்தால் வந்ததல்ல, முன்பிருந்தே இருந்தது. பிள்ளை பெற்ற பின் "இனிச் சரிதானே" என்று கிளினிக்கை நிறுத்திவிட வேண்டாம். எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு சிறிய உதவி: "டொக்டர், ரெண்டு கையிலயும் ஒருக்கா அளந்து பாருங்கோ." மேல் எண்ணில் 20 அளவு வித்தியாசம் இருந்தால் அதை அவர் கவனிப்பார். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

காயம்பட்டவர்களும் ஸ்கானும்

எங்களுக்கென்றே ஒரு விடயம். விலாவிலோ முதுகிலோ செல் பட்டு, அல்லது பங்கர் இடிந்து நசுங்கி, சிறுநீரகம் காயப்பட்டிருந்தால், பிறகு அதனாலும் பிரஷர் வரலாம். அரிதுதான், ஆனால் வரும். சில மாதத்திலும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். "அந்தக் காயம் ஆறிப்போச்சு" என்று நீங்கள் சொல்லாமல் விட்டால் டொக்டருக்குத் தெரிய வழியில்லை. காயத் தழும்பைக் காட்டுங்கள். எந்த வருடம், எந்தப் பக்கம், அப்போது சிறுநீரில் இரத்தம் போனதா என்று சொல்லுங்கள். எந்த இடத்தில், யாரால் என்று விளக்கத் தேவையில்லை. வைத்தியத்துக்கு அது வேண்டாம்.

உடம்பில் இன்னமும் செல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய குருதிக்குழாய் இவற்றின் அருகே இருந்தால் அசைந்து ஆபத்தாகலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சி.ரி. ஸ்கானில் இந்தப் பயம் இல்லை. ஆனால் அதற்கு ஊசியால் ஏற்றும் மருந்து, ஏற்கனவே பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும். கிரியேட்டினின் அளவையும், சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குளிசை எடுத்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வயிற்றின் மேல் களி பூசி இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானில் இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை. செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பதே அதன் குறை. வழக்கமாக அதில்தான் தொடங்குவார்கள்.

குளிசை பற்றிய பயம்

எனலப்ரில், லொசார்ட்டன் என்ற குளிசைகளைக் கிளினிக்கில் பலருக்குத் தருகிறார்கள். ரெனின் தொடக்கி வைக்கும் வேலையை இவை தடுக்கின்றன. ஆகவே குழாய் ஒடுங்கியவர்களுக்கு இவை நல்ல மருந்து. கோரல் ஆய்வில் குளிசைப் பகுதியினர் தேறியதற்கும் இந்த வகை மருந்து ஒரு காரணம். ஆனால் இரண்டு பக்கமும் ஒடுங்கியவர்களுக்கு இதே குளிசை சிறுநீரகத்தின் வேலையைச் சடுதியாகக் குறைத்துவிடலாம். அதனால்தான் தொடங்கி ஓரிரு வாரத்தில் இரத்தம் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். மூதூரிலிருந்து லோஞ்சுக்குக் காத்துக் கிடந்த காலம் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியிருப்பதால் பலர் அந்தப் பரிசோதனைக்கு வருவதில்லை. தயவுசெய்து அதை விடாதீர்கள். கிரியேட்டினின் முன்னிருந்ததைவிட 100 க்கு 30 பங்குக்கு மேல் ஏறினால், குழாய் ஒடுங்கியிருக்கிறதா என்று தேட அதுவே ஒரு தடயம். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் இந்தக் குளிசைகளை எடுக்கக் கூடாது. மாற்றுக் குளிசை உண்டு, கேளுங்கள். கடும் வயிற்றோட்டம், வாந்தி வந்த நாட்களில் இதைத் தொடரலாமா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் தாமாகவே நிறுத்திவிடுவதுதான் கூடாதது.

பலூன் வைக்கச் சொன்னால் அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டாம். எனக்கு எந்த வகை ஒடுக்கம், கொழுப்பா, மணிமாலை வகையா, தக்கயாசுவா என்று கேளுங்கள். ஒரு பக்கமா, இரு பக்கமா, சிறுநீரகம் எத்தனை சென்றிமீற்றர் என்று கேளுங்கள். செய்யாமல் குளிசையோடு இருந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல மனமில்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் கடிதம் பெற்றுக் கொழும்பு, கண்டி அரசாங்க வைத்தியசாலைகளுக்குப் போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். காத்திருக்க வேண்டி வரும். கொழுப்பால் ஒடுங்கிய குழாய் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பைத் தாங்கும். இரவில் மூச்சு முட்டுகிறவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே வாட்டில் சேர வேண்டும்.

இன்னொன்று. இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், பலர் காலைப் பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு விடிய நான்கு மணிக்கே பஸ் ஏறுகிறார்கள். அன்று பிரஷர் 190 காட்டும். குளிசைக்கு அடங்காத பிரஷர் என்று கொப்பியில் விழும். அங்கிருந்துதான் ஸ்கானும் பலூனும் தொடங்குகின்றன. சீனி வருத்தக் குளிசையை விடச் சொன்னால் விடுங்கள். பிரஷர் குளிசையை, டொக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.